பாலத்தடியில் சந்திப்போம்

உல்சான்,
ஞாயிறு இரவு

அன்புள்ள மாப்பிள்ளை,

உன் கடிதம் பத்து நாளைக்கு முன்பே வந்துவிட்டது. அப்பாவின் முழங்கால் அறுவை நல்லபடியாக முடிந்ததையும், மூன்றாம் நாளே கம்பை ஓரமாகச் சாய்த்துவிட்டு அவர் தனியாக நடக்கப் பார்த்து உன்னிடம் ஏச்சு வாங்கியதையும் படித்துச் சிரித்தேன். ரோட்டை அகலப்படுத்துவதற்காக நம் டீக்கடையை இடித்துவிட்டார்கள் என்று ஒரே வரியில் எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே சின்னவளின் கணக்கு மதிப்பெண்ணுக்குப் போய்விட்டாய். எனக்கு அந்த வரியைத் தாண்டுவதற்கு நேரமாயிற்று. பதில் தாமதமானதற்கு அதுவும் ஒரு காரணம். நேற்று ஒரு பகல் முழுக்கப் பூசான் நகரத்தில் சுற்றிவிட்டு வந்தேன். இப்போதுதான் எழுதுவதற்கு விஷயம் சேர்ந்திருக்கிறது.

நான் இங்கே வந்து இரண்டரை மாதம் ஆகிறது. கப்பல் கட்டும் தளம், விடுதி அறை, இரண்டுக்கும் நடுவில் ஒரு மளிகைக் கடை: என் கொரியா இதுவரை இவ்வளவுதான். எங்கள் குழுவின் போர்மேன் பூசான்காரர், அறுபதை நெருங்குகிறவர். வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாட்டின்போது கைபேசியில் எதையோ பேசி, மொழிபெயர்த்து வந்ததை என் முன்னால் நீட்டினார். "சனிக்கிழமை இரண்டு மணிக்கு யோங்டோ பாலத்துக்குப் போ. மற்ற நாளில் போகாதே." ஏன் என்று கேட்பதற்குள் தட்டைக் காலி செய்துவிட்டு எழுந்துவிட்டார். இவர்கள் சாப்பிடுகிற வேகத்துக்கு நம் கல்யாணப் பந்தியின் முதல் வரிசை கூட ஈடுகொடுக்காது.

இங்கிருந்து பூசானுக்குப் புறநகர் ரயிலிலேயே போய்விடலாம். ஒன்றேகால் மணி நேரம். பாதையின் பெயர் 'தோங்ஹே'. கிழக்குக் கடல் என்று பொருள். பெயரை நம்பி ஜன்னலோரம் இடம் பிடித்து உட்கார்ந்தேன். மலை, சுரங்கம், அடுக்குமாடி, மறுபடியும் சுரங்கம். கடலை எங்கே காணோம் என்று பிறகு தேடிப் படித்தேன். ஹேயுண்டே பக்கம் கடலை ஒட்டி ஓடிய பழைய தண்டவாளத்தை 2013இல் கைவிட்டு, பாதையை உள்ளே தள்ளிவிட்டார்களாம். அந்தப் பழைய தடத்தில் இப்போது சுற்றுலாக்காரர்களுக்கு ஒரு குட்டி ரயில் ஓடுகிறது. முன்பு சாதாரண டிக்கெட்டிலேயே கிடைத்த கடலுக்கு இப்போது தனி டிக்கெட்.

பூஜோன் நிலையத்தில் இறங்கி மெட்ரோ பிடித்து நாம்போ போனேன். ஜகல்ச்சி மீன் சந்தை அங்கேதான் இருக்கிறது. அதைப் பற்றி நீ கேட்பாய் என்று தெரியும். பெரிய கட்டடம், தொட்டிகளில் உயிர்மீன், ரப்பர் பூட்ஸ் போட்ட பெண்களின் குரல். நம் ஊர் ஏலக்கூடத்தைப் பார்த்து வளர்ந்தவனுக்கு அதில் அதிசயம் ஒன்றும் இல்லை. நான் நின்றது அங்கே இல்லை, பாலத்துக்குப் போகிற வழியில் இருக்கும் கருவாட்டுச் சந்தையில். தெரு திரும்பியதும் அந்த வாசம் வந்தது. இரண்டரை மாதத்தில் முதல்முறையாக, மாப்பிள்ளை, இந்த நாட்டில் எனக்குத் தெரிந்த ஒன்று என்னைத் தேடி வந்தது போல இருந்தது. உன் கருவாட்டுக் கிட்டங்கியில் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றவன் நான்தான். இப்போது சிரித்துக்கொள்.

சந்தையில் முக்கால்வாசி நெத்திலிதான். ஆனால் அவர்கள் பக்குவம் வேறு. நாம் அப்படியே காயப்போடுகிறோம். இவர்கள் பிடித்த கையோடு உப்புநீரில் ஒரு கொதி வேகவைத்துவிட்டுத்தான் காயவைக்கிறார்கள். அதனால் மீன் வெள்ளி நிறம் மங்காமல், வளையாமல், விறைப்பாக நிற்கிறது. நம் சரக்கின் கனத்த வாடை அதில் இல்லை. ஒன்றரைக் கிலோ அட்டைப்பெட்டிகளில், அளவு வாரியாகப் பிரித்து அடுக்கியிருக்கிறார்கள். கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத குஞ்சிலிருந்து விரல் நீளம் வரை ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயர், தனி விலை. பொடி மீனை இனிப்புச் சேர்த்து வறுத்துச் சோற்றுக்குத் தொட்டுக்கொள்கிறார்கள். பெரியதைத் தலையும் குடலும் கிள்ளி எறிந்துவிட்டு, காய்ந்த கடற்பாசித் துண்டோடு போட்டுக் கொதிக்கவைத்து, தண்ணீரை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். குடலோடு போட்டால் கசக்குமாம். இங்கே பாதிக் குழம்புகளுக்கு அடித்தளம் அந்தத் தண்ணீர்தான். கடைக்காரப் பாட்டி ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் ஒரு மீனை எடுத்து என் கையில் வைத்துக்கொண்டே போனாள். ஒடித்துப் பார்த்தேன். அவளும் ஒடித்துக் காட்டினாள், "இதைப் பார், எப்படி முறிகிறது" என்பது போல. உன்னைப் போலவே. கொரிய மொழி தெரியாமல் நான் நடத்திய முழுமையான உரையாடல் அது ஒன்றுதான்.

மதியம் மில்ம்யோன் சாப்பிட்டேன். கோதுமை நூடுல்ஸ். சூடாக வரும் என்று காத்திருந்தேன். கிண்ணத்தில் ஐஸ் மிதந்தது. பரிமாறிய அம்மா ஒரு கத்தரிக்கோலை எடுத்து, கேட்காமலேயே நூடுல்ஸைக் குறுக்கே இரண்டு வெட்டு வெட்டிவிட்டுப் போனார். வடக்கில் இதைப் பக்வீட் என்ற தானியத்தில் செய்வார்களாம். கொரியப் போரில் தெற்கே ஓடிவந்தவர்களுக்கு அந்தத் தானியம் கிடைக்கவில்லை, கிடைத்தது அமெரிக்க உதவிக் கோதுமை மாவு. அதில் பிசைந்து, ஊரில் சாப்பிட்டது போல ஒன்றைச் செய்துகொண்டார்கள். இன்று அதுதான் பூசானின் பெருமை. உண்மையைச் சொன்னால் இரண்டாவது வாயில்தான் எனக்குப் பிடித்தது.

இரண்டு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது பாலத்தை அடைந்தேன். கடல் கால்வாயின் மேல், நகரத்தையும் யோங்டோ தீவையும் இணைக்கும் பாலம். 1934இல் கட்டியது. ஒரு பக்கத் தளம் மட்டும் கப்பலுக்காக மேலே தூக்கும். எனக்குப் பாம்பன் நினைவு வந்தது, உனக்கும் வரும். ஆனால் இங்கே தூக்குவது ரயில் பாதையை அல்ல, தார் ரோட்டை, வெள்ளைக் கோடு எல்லாவற்றோடும். வண்டிகள் பெருகின, தீவுக்குக் குடிநீர்க் குழாயும் பாலத்தின் மேலேயே போட்டார்கள், 1966இல் தூக்குவதை நிறுத்திவிட்டார்கள். 2013இல் புதிதாகக் கட்டி மறுபடி தொடங்கினார்கள். இப்போது சனிக்கிழமை இரண்டு மணிக்கு மட்டும், கால் மணி நேரம்.

சைரன் ஊதியது. வண்டிகள் நின்றன. ஒலிபெருக்கியில் பழைய காலத்துப் பாட்டு ஒன்று. ரோடு மெதுவாக, சத்தமே இல்லாமல் எழுந்து எங்களுக்கு முன்னால் சுவர் போல நின்றது. அடியில் பெரிய கப்பல் எதுவும் போகவில்லை. சும்மா தூக்கி, சும்மா இறக்குகிறார்கள். கூட்டத்தில் பாதிப் பேர் முதியவர்கள். படம் எடுக்காமல் பார்த்துக்கொண்டு நின்றார்கள். யாரோ ஒரு குழந்தை தோளில் உட்கார்ந்தபடி "அப்பா, அப்பா" என்று கத்தியது. இவர்கள் மொழியிலும் அப்பா அப்பாதான். வந்த புதிதில் கடைத்தெருவில் அந்தக் குரல் கேட்டால் திரும்பிவிடுவேன். நேற்று திரும்பவில்லை. அது பழகிவிட்டதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

அந்த முதியவர்கள் ஏன் அப்படி நின்றார்கள் என்பதை இரவு விடுதிக்குத் திரும்பிய பிறகுதான் போர்மேனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். 1950இல் போர் வந்தபோது நாடே பூசானை நோக்கி ஓடியது. தலைநகரமே இங்கே வந்துவிட்டது. ஐந்து லட்சம் பேருக்கும் குறைவாக இருந்த ஊரில் ஓரிரு ஆண்டில் எட்டு லட்சத்துக்கு மேல். அந்த டிசம்பரில் வடக்கே ஹுங்நாம் துறைமுகத்திலிருந்து சரக்குக் கப்பல் ஒன்று பதினாலாயிரம் பேரை ஏற்றிக்கொண்டு தெற்கே வந்தது. பன்னிரண்டு பயணிகளுக்கு இடமுள்ள கப்பல். நாமும் கப்பல் பார்த்தவர்கள், அந்தக் கணக்கைக் கொஞ்சம் நினைத்துப் பார். கூட்டத்தில் கை நழுவினால் என்ன செய்வது? வடக்கத்தி ஜனங்களுக்குப் பூசானில் தெரிந்த பெயர் ஒன்றே ஒன்றுதான்: ரோடு எழுந்து நிற்கிற பாலம். ஆகவே பிரிகிறபோது எல்லாரும் சொன்னது ஒரே வார்த்தை, "யோங்டோ பாலத்தில் சந்திப்போம்."

லட்சம் பேர் அதையே சொன்னால் பாலத்தில் யார் யாரைக் கண்டுபிடிப்பது? கைப்பிடிச் சுவர் முழுக்கப் பெயர் எழுதிய தாள்களாம். பாலத்தடியில் வரிசையாக ஜோசியர்கள் கடை போட்டார்கள். நம் கோயில் வாசல் கிளி ஜோசியம் போல நினைத்துவிடாதே. அங்கே யாரும் கல்யாணத்தையும் வேலையையும் பற்றிக் கேட்கவில்லை. எல்லாருக்கும் இருந்தது ஒரே கேள்வி: உயிரோடு இருக்கிறாரா? போர்மேனின் அம்மா பத்து வயதில் அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தவர். பெரியவளான பிறகும் வருடத்துக்கு ஒருமுறை அந்த ஜோசியர்களிடம் போய் அப்பாவைப் பற்றிக் கேட்பாராம். ஒவ்வொரு வருடமும் "இருக்கிறார், தூரத்தில் இருக்கிறார்" என்ற பதில்தான் வரும். காசுக்காகச் சொன்ன பொய் என்று வாதாட நானும் நீயும் ஒரு காலத்தில் முதல் ஆளாக நின்றிருப்போம். நேற்று எனக்கு அந்த வாய் வரவில்லை. இப்போது அந்தக் கடைகள் அநேகமாக இல்லை.

1983இல் இங்கே தொலைக்காட்சியில் ஒரு நிகழ்ச்சி நடந்தது. தொலைந்த உறவைத் தேடுகிறவர்கள் அட்டையில் பெயர் எழுதிப் பிடித்துக்கொண்டு காமிரா முன்னால் நின்றார்கள். ஒரு ராத்திரியோடு முடிய வேண்டியது 138 நாள் நீண்டது, மொத்தம் 453 மணி நேரம். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் சேர்ந்தன. போர்மேனின் அம்மாவும் விண்ணப்பம் கொடுத்தாராம். அதற்கு மேல் அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பாலம் இறங்கியதும் அதன் மேலேயே நடந்து தீவுக்குப் போனேன். அந்தப் பக்கம் இறங்கினால் கப்பல் பழுதுபார்க்கும் பட்டறைகள். 'காங்காங்கி' கிராமம் என்று பெயர். சுத்தியல் இரும்பில் படுகிற சத்தம்தான் அந்தக் 'காங், காங்'. என் தொழில் என்பதால் இதில் எனக்குத் தனி ஆவல். பெயின்ட் அடிப்பதற்கு முன்னால் கப்பலின் அடியில் பிடித்த துருவையும் சிப்பியையும் தட்டி எடுக்க வேண்டுமில்லையா? நாங்கள் இப்போது மணலை அழுத்தத்தில் பீய்ச்சிச் செய்கிறோம். இங்கே அதைப் பெண்கள் சுத்தியலால் செய்தார்கள், கயிற்றில் தொங்கும் ஒற்றைப் பலகையில் உட்கார்ந்துகொண்டு, நாள் முழுக்க. பலர் கணவனை இழந்தவர்கள், பிள்ளைகளை ஒற்றைக் கையில் வளர்த்தவர்கள். பலருக்குக் காது போய்விட்டது. என் வேலையில் காதடைப்பான் போடாமல் உள்ளே நுழைந்தால் அபராதம். நேற்று வரை அதைத் தொல்லை என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தேன்.

மாலையில் மலைமேல் இருக்கும் கம்சோன் கிராமத்துக்குப் போனேன். வண்ண வண்ண வீடுகள், சிலையோடு படம் எடுக்க நீண்ட வரிசை. பின்வாசலில் யாரோ துணி காயப்போட்டுக்கொண்டிருக்க, முன்வாசலில் நாம் நின்று படம் எடுப்பது எனக்குக் கூச்சமாக இருந்தது. சீக்கிரமே கிளம்பிவிட்டேன். வருகிற வழியில் ஆமிதோங். அங்கே வண்ணம் இல்லை. ஜப்பானியர் காலத்தில் அது அவர்களுடைய இடுகாடு. 1945இல் அவர்கள் போய்விட்டார்கள். சில ஆண்டுகளில் அகதிகள் வந்தார்கள், இடம் இல்லை, கல்லறைகள் மேலேயே வீடு கட்டினார்கள். கல்லறைக் கற்கள்தான் கடைக்கால், படிக்கட்டு, சுவரின் அடிவரிசை. ஒரு வீட்டின் வாசற்படியில் எழுத்து வெட்டிய கல் பக்கவாட்டில் கிடக்கிறது, அதன் மேல் பூந்தொட்டி. மிதிக்காமல் சுற்றிப் போனேன். உள்ளேயிருந்து வந்த பாட்டி அதன்மேலேயே கால் வைத்து இறங்கி, என்னை ஒருமுறை பார்த்துவிட்டுக் குப்பைப் பையை வைத்துவிட்டுப் போனாள். அவளுக்கு அது படி.

திரும்பும் ரயிலில் தூங்கிவிட்டேன். கடல் இல்லாத பாதைதானே.

இரண்டு பெட்டி நெத்திலி வாங்கி வைத்திருக்கிறேன், நடுத்தர அளவு. டிசம்பர் கடைசியில் இருபது நாள் விடுப்பு கிடைத்திருக்கிறது. வரும்போது கொண்டுவருகிறேன். நீ ஒடித்துப் பார்த்து, நம் சரக்கைவிட மட்டம் என்றுதான் சொல்வாய், சொல். அப்பாவிடம் கம்பை விட வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்.

இன்னொன்று. முப்பது வருடமாக நான் ஊருக்கு வந்து இறங்கினால் உனக்குச் சொல்லி அனுப்பியதே இல்லை. நேராக டீக்கடைக்குப் போவேன், நீ இருப்பாய், இல்லையென்றால் வருவாய். இப்போது பஸ்ஸைவிட்டு இறங்கி நான் எங்கே போய் நிற்பது? பதிலில் அதை முதலில் எழுது.

அன்புடன்,
உன் கூட்டாளி