துறைமுகத்தை அடைத்த மத்தி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு தங்கள் இணைப்பிதழில் தென் பிரான்ஸ் பயணக் கட்டுரை படித்தேன். நீஸுக்கும் கானுக்கும் அரைப் பக்கம் ஒதுக்கியவர், மார்செய்க்கு நாலே வரி கொடுத்திருக்கிறார். போகட்டும். ஆனால் அந்த நாலு வரியில், 'ஒரு மத்தி மீன் வந்து துறைமுகத்தையே அடைத்துவிட்டது என்று கதை விடும் புளுகர்களின் ஊர்' என்று எழுதிவிட்டாரே, அதைத்தான் காரைக்கால்காரியான என்னால் விட முடியவில்லை.

ஏப்ரலில் லியோனில் மகன் வீட்டில் இருந்தபோது, நானும் என் வீட்டுக்காரரும் மகனும் ஒரே ஒரு நாள் மார்செய் போய் வந்தோம். விரைவு ரயிலில் இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. சேன் ஷார்ல் ரயில் நிலையம் மேட்டில் இருக்கிறது. வாசலிலிருந்து ஊருக்குள் இறங்க 104 படிகள். அடிப்படியில் இரண்டு பக்கமும் கல்லில் சாய்ந்து படுத்திருக்கும் இரண்டு பெண்கள். ஒருத்தி பிரான்சின் ஆப்பிரிக்கக் காலனிகளாம், மற்றவள் ஆசியக் காலனிகளாம். 1954 நவம்பர் 1 வரை எங்கள் ஊரும் இந்த இரண்டாமவள் கணக்கில்தான் இருந்தது. என் வீட்டுக்காரர் அவளை நிமிர்ந்து பார்த்து, "உன் சின்ன அத்தை ஜாடை தெரியுது" என்றார்.

அங்கிருந்து நேரே நடந்தால் பழைய துறைமுகம். கிறிஸ்து பிறப்பதற்கு 600 வருடம் முன்பு கிரேக்கர்கள் வந்து இறங்கிய இடம். இன்றைக்கும் காலையில் அந்தக் கரையிலேயே மீன் விற்கிறார்கள். ஏழெட்டு மேசைகள்தான். தட்டில் கடல் தண்ணீர், அதில் உயிரோடு மீன். முள் சிலிர்த்த ஒரு சிவப்பு மீனை ரஸ்காஸ் என்றார்கள். புயாபேஸ் என்ற அவர்களது மீன் குழம்பு அது இல்லாமல் ஆகாதாம். ஒரு மேசையில் பேய்க்கணவாய் ஒன்று தட்டின் விளிம்பைப் பிடித்து ஏறி ஏறி வெளியே வரப் பார்த்தது. விற்கிற அம்மா வாடிக்கையாளரிடம் பேச்சை நிறுத்தாமல், பார்க்கக்கூடச் செய்யாமல், இடது கையால் அதை உள்ளே தள்ளிக்கொண்டே இருந்தார். எங்கள் ஊர் மீன்காரம்மா ஈயை ஓட்டுவது போல.

நான் எனக்குத் தெரிந்த அரைகுறை பிரெஞ்சில் மத்தியைக் காட்டி, "இதுதானே துறைமுகத்தை அடைத்தது?" என்று கேட்டேன். காரணம் இருக்கிறது. யாராவது அளந்துவிட்டால் என் அப்பா, "என்ன, மத்தி துறைமுகத்தை அடைச்சிடுச்சா?" என்பார். பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்தவர், அங்கே பிடித்த பழமொழி. அந்த அம்மா சிரித்துவிட்டு, அடைத்தது இதைவிடக் கொஞ்சம் பெரிசு, அது கப்பல் என்றார்.

மகன் அங்கேயே நின்று கைப்பேசியில் தேடிப் படித்துச் சொன்னான். கப்பலின் பெயர் சார்த்தீன். பதினாறாம் லூயியின் கடற்படை அமைச்சர் பெயரை அதற்கு வைத்திருந்தார்கள். மீனுக்குப் பிரெஞ்சில் சார்தீன். நடுவில் ஒரு 'த்' தான் வித்தியாசம். 1780இல் அந்தக் கப்பல் துறைமுக வாசலில் தரைதட்டிப் பாதையை அடைத்தது உண்மை. மக்கள் வாயில் அந்த 'த்' தேய்ந்து கப்பல் மீனாகிவிட்டது.

அதில் யார் வந்தார்கள் என்பதுதான் விஷயம். 1778இல் ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டுப் பிடித்தார்களே, அப்போது சிறைப்பட்டுப் பிறகு கைதிகள் பரிமாற்றத்தில் விடுவிக்கப்பட்ட பிரெஞ்சுப் படையினர். வழியில் ஆங்கிலேயப் போர்க்கப்பல் ஒன்று அதன் மேல் சுட்டிருக்கிறது. அடி வாங்கிய கப்பல் எப்படியோ மார்செய் வரை வந்து வாசலிலேயே உட்கார்ந்துவிட்டது. அப்பா ஆயுசு முழுக்கக் கேலிக்குச் சொன்ன மத்தியின் வயிற்றில் புதுச்சேரிக் கதை இருந்தது அவருக்குத் தெரியவே தெரியாது.

அப்புறம் எனக்கு வேறு எதிலும் மனசு ஓடவில்லை. மருமகள் கட்டிக் கொடுத்த புளிசாதத்தை அந்த வாசலைப் பார்த்தபடியே சாப்பிட்டோம். ஒரு பக்கம் சேன் ழான் கோட்டை, எதிர்ப்பக்கம் சேன் நிக்கோலா கோட்டை, நடுவில் குறுகலான தண்ணீர்ப் பாதை. "குறுக்கே ஒண்ணு நின்னா அவ்வளவுதான்" என்றார் என் வீட்டுக்காரர்.

மதியம் 60ஆம் எண் பேருந்தில் குன்றின் மேல் இருக்கும் நோத்ர் தாம் த லா கார்து கோயிலுக்குப் போனோம். உச்சியில் பொன் முலாம் பூசிய மாதா. ஊர்க்காரர்கள் 'நல்ல அம்மா' என்றுதான் சொல்கிறார்கள். உள்ளே கூரையிலிருந்து கையகலக் கப்பல்கள் தொங்குகின்றன, கடலில் தப்பித்தவர்கள் செலுத்திய நேர்த்திக்கடன். ஒன்றிரண்டு விமானமும் உண்டு. வேளாங்கண்ணிக்குப் பக்கத்தில் வளர்ந்தவளுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. வெளியே காற்று ஆளைத் தள்ளியது. சேலையை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஊரை ஒரு சுற்றுப் பார்த்ததோடு சரி. சாயங்காலம் தின்ற பனீஸ், நம் கடலை மாவுப் பலகாரம்தான், உப்பு கம்மி.

ஆகவே, கட்டுரையாளர் சொன்ன அந்தப் 'புளுகு' 1780இல் நடந்தது என்று ஒரு திருத்தம் போட்டால் நன்றாக இருக்கும். புதுச்சேரிக்கும் அதில் பங்கு உண்டு என்று ஒரு வரி சேர்த்தால் இன்னும் சந்தோஷம்.

என் வயதில் போகிறவர்களுக்கு ஒன்று. திரும்பும்போது அந்த 104 படியை ஏறாதீர்கள். நான் மூன்று இடத்தில் உட்கார்ந்து ஏறினேன். மெட்ரோவில் வந்திருந்தால் நகரும் படிக்கட்டிலேயே நிலையத்துக்குள் வந்திருக்கலாம் என்று, மேலே போய்ச் சேர்ந்த பிறகு மகன் சொன்னான்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆசிரியை,
காரைக்கால்.