கார் எவ்வளவு ஓடியது என்றும் கேளுங்கள்

வாகனத் தகுதிச் சோதனை விதிகளை வகுப்போருக்கு,

வணக்கம். சொந்தக் கார்களுக்கு எத்தனை ஆண்டு விலக்கு என்பதில் உங்களுக்குள் ஒற்றுமை இல்லை. பிரிட்டனில் புதுக் காருக்கு 3 ஆண்டுகள், பிறகு ஆண்டுதோறும் சோதனை. ஜப்பானில் முதலில் 3, பிறகு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை. பிரான்ஸில் 4, பிறகு 2. இந்தியாவிலோ பதிவுச் சான்றின் 15 ஆண்டுகள் முடியும்போதுதான் சொந்தக் காருக்குத் தகுதிச் சோதனை. இத்தனை வேறுபாட்டிலும் நீங்கள் பெரும்பாலும் காலண்டரையே நம்புகிறீர்கள். என் வழக்கு அதன் மீதுதான்.

நாள்தோறும் நூறு கிலோமீட்டர் ஓடும் கார் மூன்றே ஆண்டில் ஒரு லட்சத்தைத் தாண்டிவிடும். வாரம் ஒருமுறை வெளியே வரும் காரும் அதுவும் உங்கள் விதியில் ஒன்றுதான். அந்த ஓடிய காரின் டயரைக் குனிந்து பாருங்கள். பள்ளங்களுக்குள் குறுக்கே சிறு ரப்பர் மேடுகள் தெரியும், உயரம் 1.6 மில்லிமீட்டர். டயரின் மேற்பரப்பு தேய்ந்து அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் டயரை மாற்றியாக வேண்டும். மாற்றாவிட்டால் மழைத் தண்ணீரை ஒதுக்கித் தள்ளப் பள்ளம் போதாமல் கார் வழுக்கும். பிரேக் பேடும் அப்படியே தேய்ந்திருக்கும். ஆனாலும் அது 'புதுக் கார்'. சோதனைக்கு யாரும் அழைப்பதில்லை.

குறைவாக ஓடும் காரை அடியோடு விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. நின்ற இடத்திலேயே பிரேக் எண்ணெய் ஈரத்தை இழுக்கும், டிஸ்க் துருப்பிடிக்கும், ரப்பர் குழாயில் விரிசல் விழும். அதனால் ஆண்டும் வேண்டும், கிலோமீட்டரும் வேண்டும். எது முந்துகிறதோ அன்று சோதனை. இது புதுச் சரக்கும் அல்ல. கார் நிறுவனங்களின் சர்வீஸ் புத்தகத்தில் காலங்காலமாக இப்படித்தான் அச்சிட்டிருக்கிறது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2014 ஆம் ஆண்டு நெறிமுறை, 1,60,000 கிலோமீட்டர் ஓடிய காரை முன்கூட்டியே சோதனைக்கு அழைக்க உறுப்பு நாடுகளுக்கு இடம் தருகிறது. அதுவும் விரும்பினால்தான். அந்த எண்ணும் எனக்கு மிகத் தாராளமாகவே படுகிறது.

மீட்டரைத் திருத்திவிடுவார்களே என்பீர்கள். திருத்துவார்கள்தான். பிரிட்டனில் ஒவ்வொரு சோதனையிலும் மீட்டர் அளவைப் பதிவு செய்கிறார்கள். வண்டி எண் தெரிந்தால் யாரும் பார்க்கலாம். பெல்ஜியத்தில் பழைய காரை விற்க, ஓடிய தூரத்தின் வரலாற்றைக் காட்டும் 'கார்-பாஸ்' சான்று வேண்டும். சர்வீஸுக்கு விடும்போதெல்லாம் தூரம் பதிவானால் திருத்தியவர் தாமே மாட்டிக்கொள்வார்.

பிரிட்டனில் 40 ஆண்டு கடந்த, பெரிதாக மாற்றப்படாத கார்களுக்கும் விலக்கு உண்டு. எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. ஆனால் அவை சாலைக்கு வருவதே அபூர்வம், இருந்துவிட்டுப் போகட்டும்.

அடுத்த திருத்தத்தில் விலக்குக் காலத்துக்குப் பக்கத்தில் ஒரு கிலோமீட்டர் வரம்பையும் எழுதுங்கள். அந்த வரம்பால் முன்கூட்டி வருபவரிடம் தேய்ந்த பேடுக்காக அபராதம் வாங்காமல், மாற்றிக்கொண்டு வர அவகாசம் கொடுங்கள்.

இப்படிக்கு,
நிறைய ஓட்டும் ஒரு கார் உரிமையாளர்