நம் கிட்டாருக்குக் கார்வை வந்த கதை

செவ்வாய்ப்பேட்டை,
சேலம்.

அன்புள்ள நண்பா,

உன் கடிதமும் மிளகுப் பொட்டலமும் சென்ற வாரம் ஏற்காட்டிலிருந்து வந்து சேர்ந்தன. காப்பிப் பழம் பறிக்க ஆள் கிடைக்கவில்லை என்ற உன் கவலைக்கு என்னிடம் விடை இல்லை. ஆகவே, உன்னிடம் ஒப்புக்கொள்ள வேண்டிய ஒன்றை நேராகவே சொல்லிவிடுகிறேன். கல்லூரி நாட்களில் நாம் இருவரும் பாதிப் பாதிப் பணம் போட்டு வாங்கிய எலெக்ட்ரிக் கிட்டாரின் முதுகில், உன்னை ஒரு வார்த்தை கேட்காமல், மீட்டிய சுரத்தை ஓயாமல் நிற்கவைக்கும் சஸ்டைனர் என்ற கருவியின் பேட்டரி வைப்பதற்காக ஒரு பள்ளம் வெட்டிவிட்டேன். கம்பியின் அதிர்வை வாங்கும் காந்தச் சுருளான பிக்கப் இரண்டில், கழுத்துப் பக்கம் இருந்ததையும் கழற்றியாயிற்று. கோபப்படுவதற்கு முன் மீதியைப் படி.

உன் வீட்டு மொட்டைமாடி நினைவிருக்கிறதா? ஒரு சுரம் ஓயாமல் நிற்க வேண்டும் என்று, ஆம்ப்ளிஃபயரின் ஒலியை முழுக்கத் திருகி, அதன் முன்னே கிட்டாரைப் பிடித்துக்கொண்டு அரை அடி முன்னும் பின்னும் நகர்ந்து இடம் தேடினோம். வாழ்நாளெல்லாம் தறிச் சத்தத்திலேயே இருந்த பக்கத்து வீட்டுப் பெரியவர், தறியை நிறுத்திவிட்டு மேலே ஏறி வந்து நம்மைத் திட்டினார். அன்று ஸ்பீக்கரின் ஒலி காற்று வழியே வந்து கம்பியை அதிரவைத்தது. அதற்கு அத்தனை இரைச்சல் தேவைப்பட்டது. இப்போது நான் பொருத்தியிருக்கும் சஸ்டைனர் அதே வேலையைக் காந்தத்தால் செய்கிறது. கம்பிகள் கீழே தாங்கி நிற்கும் பிரிட்ஜ் பக்கத்துப் பிக்கப், கம்பியின் அதிர்வை மின் சைகையாக மாற்றித் தருகிறது. கிட்டாருக்குள் இருக்கும் சிறிய சர்க்யூட் அதைப் பெருக்கி, கழுத்துப் பக்கத்தில் வைத்த டிரைவர் என்னும் சுருளுக்கு அனுப்புகிறது. அந்தச் சுருளின் காந்தப்புலம் கம்பி ஆடும் தாளத்திலேயே கம்பியைத் தள்ளிக்கொடுக்கிறது. ஊஞ்சலை வரும்போதெல்லாம் பார்த்துத் தள்ளுவது போலத்தான். இழக்கும் ஆற்றல் அவ்வப்போது திரும்பக் கிடைத்துவிடுவதால் ஒலி அடங்குவதில்லை. பிள்ளைகள் தூங்கிய பிறகு, ஹெட்போன் மாட்டிக்கொண்டுகூட, ஒரு சுரத்தை எனக்குச் சலிக்கும்வரை நிறுத்திவைக்க முடிகிறது.

யூ2 ராக் குழுவின் 'வித் ஆர் வித்தவுட் யூ' பாட்டு 1987-இல் வந்தபின், அதில் நீண்டு மிதக்கும் ஒலி எது என்று நாம் போட்ட சண்டையும் இதனால் தீர்ந்தது. நீ கீபோர்டு என்றாய், நான் ஈ-போ என்ற கைக்கருவி என்றேன். இருவருமே தோற்றோம்: அந்தக் குழுவின் கிட்டார் கலைஞர் தி எட்ஜ் அதில் வாசித்தது மைக்கேல் புரூக் உருவாக்கிய இன்ஃபினிட் கிட்டார், ஏறக்குறைய இதே தத்துவம். 1976-இல் விற்பனைக்கு வந்த ஈ-போவும் காந்தத்தால்தான் கம்பியை அதிரவைக்கிறது. ஆனால் அதை வலக்கையில் பிடித்து ஒரு சமயத்தில் ஒரே கம்பியின் மேல்தான் காட்ட முடியும், மீட்டுவதற்குக் கை மிஞ்சாது. சஸ்டைனரில் வலக்கைக்கு விடுதலை. ஒன்று மட்டும்: இரும்பு கலந்த கம்பியாக இருந்தால்தான் காந்தத்துக்குப் பிடி கிடைக்கும், உன்னிடம் இருக்கும் நைலான் கம்பி கிட்டாருக்கு இது உதவாது.

சஸ்டைனர்களில் சஸ்டைனியாக், பெர்னாண்டஸ் என்று இரண்டு தயாரிப்புப் பெயர்களே அதிகம் பேசப்படுபவை. நான் முன்னதைத் தருவித்தேன். டிரைவர் பழைய பிக்கப்பின் அளவிலேயே இருந்ததால் முன்பக்கத்தில் மரத்தைத் தொட வேண்டியிருக்கவில்லை; சஸ்டைனரை அணைத்துவிட்டால் அதுவே பிக்கப்பாகவும் வேலை செய்கிறது. வயர்களைப் பற்றவைக்கும் வேலைதான் என்னைப் படுத்திவிட்டது. என் கை நடுங்குவதைப் பார்த்து, கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் பக்கத்து வீட்டு அண்ணன் கண்ணில் உருப்பெருக்கிக் கண்ணாடியோடு வந்து உட்கார்ந்தார். வெள்ளி வளையங்களை நெருப்பில் ஊதிப் பற்றவைத்தே பழகியவர், சால்டரிங் இரும்பை எழுதுகோல் போலப் பிடித்து, கடுகளவு ஈயத்தில் ஒவ்வொரு வயரையும் உட்காரவைத்தார். பிழை செய்தவன் நான்தான். பிரிட்ஜ் பிக்கப்பின் இரண்டு வயர்களை இடம் மாற்றிக் கொடுத்துவிட்டேன். தள்ள வேண்டிய நேரத்தில் டிரைவர் கம்பியை எதிர்த்து இழுத்ததால், அடிப்படைச் சுரம் அமுங்கிப்போய், அதற்கு மேலே ஏதோ ஒரு கிளைச்சுரம் கீச்சிட்டது. வயர்களை மாற்றியதும் அடங்கியது. அந்தக் கீச்சையே ஒழுங்காக வரவழைக்கவும் ஒரு சுவிட்ச் உண்டு. அதைத் தட்டினால், பிடித்த சுரம் மெல்ல மேல் ஸ்தாயிக்கு மலர்ந்து ஏறும். முதல் இரண்டு நாள் அதைத் தவிர வேறெதுவும் வாசிக்கவில்லை; மூன்றாம் நாள் சலித்துவிட்டது.

சலிக்காதது கார்வை, அதாவது ஒரு சுரம் நீண்டு நிற்பது. கிட்டாரில் தோடி ராகம் முயலும்போதெல்லாம் அசைத்து வாசிக்க வேண்டிய அதன் காந்தாரச் சுரம் என்னைக் கைவிட்டுவிடும் என்பது உனக்குத் தெரியும். கம்பியை இழுத்து இரண்டு அசைவு அசைப்பதற்குள் ஒலி தேய்ந்துவிடும். மூன்றாவது அசைவுக்காக மறுபடி மீட்டினால், அந்த மீட்டு கமகம் என்னும் அந்த அசைவின் நடுவே ஆணி அடித்தது போல நிற்கும். ஒரே மீட்டில் எத்தனை சுரம் வாங்க முடியுமோ அத்தனையும் வாங்கு என்று உன் அம்மா வீணை வகுப்பில் சொல்லிக்கொண்டே இருப்பார்களே, அது எனக்கு இத்தனை வருடம் கழித்து, ஒரு 9 வோல்ட் பேட்டரியின் தயவில், கைகூடியிருக்கிறது. அவசரம் போய்விட்டது. அதே சமயம், இடக்கையின் ஒவ்வொரு தடுமாற்றமும் இப்போது நின்று நிதானமாகக் கேட்கிறது. முன்பெல்லாம் ஒலி தேய்ந்து என் மானத்தைக் காப்பாற்றியது.

சென்ற ஞாயிறு கிட்டாரை அம்மாபேட்டைக்கு எடுத்துச் சென்று உன் அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். கண்ணை மூடி முழுவதும் கேட்டார்கள். பிறகு, "இது தானாக எப்போது நிற்கும்?" என்று கேட்டார்கள். நிற்காது, கையால் அமுக்க வேண்டும் என்றேன். அதை அணைத்துவிட்டு அதே பிடியை வாசிக்கச் சொல்லி, தேய்ந்து மறைந்த இடம்வரை காதை நீட்டிக் கேட்டுவிட்டு, "இரண்டையும் பழகு" என்று சொல்லிக் காப்பி போடப் போய்விட்டார்கள்.

அடுத்த முறை மலையிறங்கும்போது நீயே வாசித்துப் பார். கேபிளைச் செருகியிருக்கும்வரை பேட்டரி செலவாகிக்கொண்டே இருக்கும். இது தெரியாமல் ஓரிரவு அப்படியே விட்டு ஒன்றைச் சாகடித்துவிட்டேன். ஆகையால் வாசித்து முடித்ததும் மறக்காமல் உருவிவிடு. கழற்றிய பழைய பிக்கப்பைத் துணியில் சுற்றி டப்பாவில் வைத்திருக்கிறேன். அது உன் பாதி.

அன்புடன்,
உன் பழைய நண்பன்