பேர்னஸ் பத்தின உடன நூந்தா புதுசு வாங்க ஓடாதேங்கோ

ஆசிரியருக்கு வணக்கம்,

தமிழ்க்கடைக்குப் போற நேரமெல்லாம் உங்கட பேப்பரையும் எடுத்துக்கொண்டு வாறனான். பேர்னஸ், அதுதான் வீட்டைச் சூடாக்கிற காஸ் மிசின், அதின்ர விளம்பரம் இல்லாத பக்கம் குறைவு, ஆனா அந்த பேர்னஸ் எப்பிடி வேலை செய்யுது, நிண்டு போனா முதல்ல எதைப் பாக்கோணும் எண்டு தமிழில ஒரு வரி வாசிச்ச ஞாபகம் எனக்கு இல்லை. அதைக் கேட்டுத்தான் இந்தக் கடிதம்.

போன தை மாசம் ஒரு சனிக்கிழமை இரவு, வெளியில மைனஸ் 20க்குக் கிட்ட, வீட்டுக்குள்ள 16 பாகை, கொஞ்சத்தால 14. அம்மாவுக்கு 78 வயசு, ரெண்டு போர்வைக்குள்ளயும் கை விறைச்சுப்போய் இருக்கிறா. நான் பேஸ்மண்டில போய் நிண்டு பாத்தன். பேர்னஸ் சும்மா கிடக்கேல்லை, சின்ன மோட்டர் சுத்துது, உள்ளுக்க ஏதோ சிவக்குது, நீல நெருப்பு நல்லாப் பத்துது, நாலைஞ்சு செக்கனில நூந்து போகுது. திரும்பவும் அதேதான். அப்பிடி மூண்டு தரம் செய்திட்டு பேசாம நிண்டிட்டுது.

ஒரு நம்பருக்கு அடிச்சம், வந்தவர் பத்து நிமிசம் பாத்தார். நெருப்பின்ர சூட்டை வீட்டுக் காத்துக்குக் குடுக்கிற ஹீற் எக்ஸ்சேஞ்சர் வெடிச்சிட்டுதாம், காபன் மொனொக்சைட் எண்ட நச்சுக் காத்து வருமாம், புதுசு 5,800 டொலர், இரவே சைன் பண்ணினா காலமை பூட்டலாமாம். வெடிப்பைக் காட்டுங்கோ எண்டு கேட்டன், காட்டேல்லை. ஒண்டும் அளந்து பாக்கவும் இல்லை. குளிரில நடுங்கிற அம்மாவைப் பாத்திட்டு என்ர மனுசன் பேனையை எடுத்திட்டார், நான் விடேல்லை. அண்டிரவு குட்டி கரண்ட் ஹீற்றரை வச்சுக்கொண்டு அம்மான்ர அறையில எல்லாரும் படுத்தம்.

அடுத்த நாள் காஸ் வேலைக்கான ஜி2 லைசென்ஸ் உள்ள ஒரு தம்பி வந்தார். நான் கண்டதை அப்பிடியே சொன்னன், பத்துது, பிறகு நூருது எண்டு. "அக்கா, நீங்கள் சொன்னதிலயே பாதி விளங்கீட்டுது" எண்டு சொல்லிப்போட்டு, பேர்னர் பக்கத்தில ஒரேயொரு ஸ்குரூவைக் கழட்டி பென்சில் ஈயக்குச்சி மாதிரி ஒரு கம்பியை எடுத்தார். பிளேம் சென்சராம். மெல்லிய ஸ்டீல் வூலால உரஞ்சித் திரும்பப் பூட்டினார். அந்தக் கம்பியால போற கரண்டை அளந்தார், உரஞ்ச முன்னம் 0.4 மைக்ரோ அம்பியர், பிறகு 3. இருபது நிமிச வேலை, 140 டொலர். இண்டு வரைக்கும் பேர்னஸ் ஓடுது.

அவர் விளங்கப்படுத்தினது எனக்கு ஒரு பாடம் மாதிரி இருந்தது. தெர்மோஸ்டாட் சூடு கேட்ட உடன காஸ் வராது. முதல்ல சின்ன மோட்டர் சுத்தி உள்ள கிடக்கிற காத்தை குழாயால வெளிய தள்ளும், காத்து ஒழுங்காப் போகுதெண்டு பிரஷர் சுவிட்ச் சொன்னாத்தான் காஸைப் பத்த வைக்கிற இக்னைட்டர் சிவக்கும், அதுக்குப் பிறகுதான் காஸ் வால்வ் திறக்கும், பத்தும். பத்தின உடன அந்தக் கம்பி நெருப்பு இருக்கோ எண்டு பாக்கும், அதாவது நெருப்புக்குள்ளால சொட்டுக் கரண்ட் ஒரு திசையில பாயிறதை பேர்னஸை இயக்கிற கரண்ட் போர்ட் அளக்கும். கம்பியில வெள்ளைப் படலம் படிஞ்சா அந்தக் கரண்ட் குறைஞ்சிடும், அப்ப நெருப்பு எரிஞ்சுகொண்டிருந்தாலும் இல்லையெண்டு நினைச்சு காஸைப் பூட்டிப்போடும். பத்தாத காஸ் வீட்டுக்குள்ள நிறையக்கூடாது எண்டதுக்காக வச்ச காவல் அது, அதால அதை ஏமாத்தி ஓட்ட நினைக்கவே கூடாது.

எந்தப் படியில நிக்குது எண்டு பாத்தா பழுதும் ஓரளவு தெரிஞ்சிடும். ஒண்டுமே அசையேல்லையெண்டா தெர்மோஸ்டாட் பற்றறி, பிரேக்கர், பேர்னஸ் கதவு சரியா மூடியிருக்கோ, அதோட லைற் சுவிட்ச் மாதிரி பக்கத்தில ஒண்டு இருக்கும், பிள்ளையள் தெரியாம நூத்திருப்பினம். மோட்டர் சுத்தியும் சிவக்கேல்லையெண்டா வெளியில போய் சுவரால வாற வெள்ளைக் குழாயளைப் பாருங்கோ, ஸ்னோ மூடியிருக்கும். அதுவும் இல்லையெண்டா பேர்னஸில இருந்து தண்ணி போற ரியூப் அடைச்சிருக்கலாம், இக்னைட்டர் வெடிச்சிருக்கலாம். சிவந்தும் பத்தேல்லையெண்டா குசினியில காஸ் அடுப்பு எரியுதோ எண்டு பாருங்கோ. கொஞ்ச நேரம் நல்லா எரிஞ்சிட்டு நிண்டா முதல்ல காத்து பில்டர் அடைச்சிருக்கோ எண்டு பாருங்கோ. கதவில சின்னக் கண்ணாடிக்குள்ளால ஒரு லைற் மினுக்கும், எத்தினை தரம் மினுக்குது எண்டு எண்ணிச் சொன்னா வாறவருக்கு வேலை சுகம், அந்தக் கணக்குக்கு விளக்கம் கதவின்ர உள்பக்கம் ஒட்டியிருக்கும். நாங்கள் பாக்கிறது இவ்வளவும்தான், உள்ளுக்க கை வைக்கிறது லைசென்ஸ் உள்ள ஆக்களின்ர வேலை. காஸ் கசியிற கூமுட்டை மணம் வந்தா இதொண்டும் வேண்டாம், ஒரு சுவிட்சையும் தொடாம எல்லாரும் வெளிய போய் நிண்டு 911க்கு அடிக்கோணும்.

ஹீற் எக்ஸ்சேஞ்சர் வெடிக்கிறது பொய்க்கதை எண்டு நான் சொல்லேல்லை. பழைய பேர்னஸில உண்மையா வெடிக்கும், அது உயிருக்கு ஆபத்து. ஆனா எங்கட ஒன்ராறியோ மாகாணத்தில உடனடி ஆபத்தைக் கண்ட டெக்னீசியன் ராக் எண்ட எச்சரிக்கைச் சீட்டுப் போட்டு காஸை அப்பவே நிப்பாட்டோணும். முதல் வந்தவர் பேப்பரை நீட்டினாரே தவிர ஒண்டையும் நிப்பாட்டேல்லை, நாங்கள் சைன் பண்ணேல்லை எண்ட உடன எல்லாத்தையும் அப்பிடியே விட்டிட்டுப் போட்டார். ஆபத்து உண்மையெண்டா 78 வயசு மனுசி படுத்திருக்கிற வீட்டை அப்பிடி விட்டிட்டுப் போகலாமோ? இதை நினைச்சா எனக்கு இப்பவும் நெஞ்சு கொதிக்குது.

கதவு தட்டி பேர்னஸ் விக்கிறது இங்க 2018 மார்ச்சோட தடை, வீட்டில வச்சு சைன் பண்ணின ஒப்பந்தத்தை 10 நாளுக்குள்ள மறுக்கலாம், வாறவரின்ர லைசென்ஸை, காஸ் வேலைக்கு ரி.எஸ்.எஸ்.ஏ. எண்ட அமைப்புக் குடுக்கிறதை, காட்டச் சொல்லிக் கேக்கலாம். இதெல்லாம் இங்கிலிஸில கிடக்கு. இங்கிலிஸ் தெரியாம தனிய இருக்கிற எங்கட வயசான ஆக்களுக்கு ஆர் சொல்லுறது?

அதால உங்களிட்ட ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு ஐப்பசியும், குளிர் தொடங்க முன்னம், லைசென்ஸ் உள்ள ஒருவரைக் கொண்டு எழுதுவிச்சு அரைப் பக்கத்தில இதைப் போடுங்கோ. அதே பக்கத்தில பேர்னஸ் விளம்பரம் ஒண்டையும் போடாதேங்கோ. எழுத்து பெரிசா இருக்கட்டும், அம்மா மாதிரி ஆக்கள் வெட்டி பேஸ்மண்ட் சுவரில ஒட்டி வைப்பினம்.

இப்படிக்கு,
ஸ்காபரோவிலிருந்து ஒரு வாசகி