வேக்குவம் பம்ப்பையும் கவனியுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சிறிய விமானம் விபத்துக்குள்ளானால் எல்லோரும் முதலில் கேட்பது, எஞ்சின் நின்றுவிட்டதா என்பதுதான். செஸ்னா 152, 172 போன்ற பழைய பயிற்சி விமானங்களைப் பராமரித்தவன் நான். எஞ்சினின் பின்பக்கம் மாட்டியிருக்கும், காற்றை உறிஞ்சும் சின்ன வேக்குவம் பம்ப்பைப் பற்றியும், விமானிப் பயிற்சிக்குப் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டும்.

மேகத்துக்குள் போனால் தரை தெரியாது. விமானம் சாய்கிறதா என்பதில் உடம்பின் உணர்வையும் நம்ப முடியாது. விமானத்தின் சாய்வைக் காட்டும் செயற்கை அடிவானக் கருவியைப் பார்த்துத்தான் ஓட்ட வேண்டும். பழைய விமானங்களில் அதற்குள் இருக்கும் ஜைரோவை, அதாவது வேகமாகச் சுழன்று தன் நிலை மாறாமல் நிற்கும் சக்கரத்தை, சுழற்றுவது காற்று. பம்ப் கருவிக்குள்ளிருந்து காற்றை உறிஞ்ச, ஃபில்டர் வழியாக உள்ளே பாயும் காற்று ஜைரோ சக்கரத்தில் மோதி, நிமிடத்துக்கு 10,000 சுற்றுக்கு மேல் சுழற்றும். சக்‌ஷன் கேஜில் (உறிஞ்சும் அளவைக் காட்டும் மானி) 5 அங்குலப் பாதரசம் அளவுக்குக் காட்டினால் சரி. செஸ்னா 140 காலத்து விமானங்கள் பலவற்றில் பம்ப்பே கிடையாது. வெளியே பொருத்திய, நடுவில் குறுகிய வெஞ்சுரி குழாய்தான், அதன் வழியே காற்று பாயும்போது உறிஞ்சும். விமானம் வேகமெடுத்த பிறகுதான் அது வேலை செய்யும், பனி படிந்தால் அடைத்துக்கொள்ளும்.

பிறகு வந்த, எஞ்சின் எண்ணெயே மசகாகும் எண்ணெய் பம்ப்புகள் நீண்ட நாள் உழைத்தன. இப்போது பரவலாக இருப்பது உலர் பம்ப். அதில் கார்பன் தகடுகள் தேய்ந்து, அந்தத் தூளே மசகாகிறது. எஞ்சினைக் கழுவும்போது மூடாமல் விட்டு கரைப்பான் உள்ளே இறங்கினால் போதும், பம்ப்பின் ஆயுள் குறைந்துவிடும். தகடு உடைந்தால், பம்ப்பை எஞ்சினோடு இணைக்கும் துண்டு முறிந்து பம்ப் நின்றுவிடும். எஞ்சின் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். ஜைரோவும் சட்டென்று நிற்காது. வேகம் குறையக் குறைய அடிவானம் மெல்ல மெல்ல சாயும். விமானி அதை நம்பி, நேராகப் போகும் விமானத்தைத் தானே சாய்த்துவிடுவார். இதுதான் என்னை மிகவும் பயமுறுத்துவது.

பல விமானங்களில் ஜைரோ கருவிகளில், விமானம் திரும்புவதைக் காட்டும் டர்ன் கோஆர்டினேட்டர் மட்டும் மின்சாரத்தில் ஓடும். அடிவானத்தையும், திசையைக் காட்டும் திசை ஜைரோவையும் மூடிவிட்டு, டர்ன் கோஆர்டினேட்டரையும் வேகமானியையும் உயரமானியையும் காந்தத் திசைகாட்டியையும் மட்டும் வைத்து ஓட்டும் பயிற்சி, மேகத்தில் பறக்கப்போகும் ஒவ்வொரு மாணவருக்கும் திரும்பத் திரும்பத் தரப்பட வேண்டும். ஒருநாள் செய்து காட்டிவிட்டு லாக்புக்கில் எழுதுவதோடு விடக்கூடாது.

பயிற்சிப் பள்ளிகளுக்கும் ஒரு வேண்டுகோள். பம்ப் உடையும்வரை காத்திருக்காமல், தயாரிப்பாளர் சொன்ன பறப்பு மணிக்கே மாற்றுங்கள். ஃபில்டரை மறக்காதீர்கள், விமானத்துக்குள் சிகரெட் பிடித்த காலத்தில் அதில் தார் படிந்து ஜைரோக்கள் கெட்டிருக்கின்றன. வசதியிருந்தால் சொந்த பேட்டரியுள்ள மின்னணு அடிவானத்துக்கு மாறலாம். இந்த வகை விமானங்களுக்கு அங்கீகாரம் பெற்றவை இப்போது கிடைக்கின்றன. பெற்றோரே, பிள்ளையைச் சேர்க்கும் முன் பள்ளியில் பம்ப்பைக் கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று கேளுங்கள். பதிவேட்டைப் பார்த்துச் சொல்ல அவர்களுக்கு ஐந்து நிமிடம் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விமான மெக்கானிக்,
பல்லாவரம்.