அம்மிணிக்கு, கோபியிலிருந்து

29.1.2022

அம்மிணி,

பொங்கலுக்கும் நீ வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஊரடங்கு, ராத்திரி ஊரடங்கு என்றாய், சரி. ராத்திரி ஊரடங்கையும் நேற்றோடு எடுத்துவிட்டார்கள், இன்னும் போன் இல்லை. ஒண்ணாம் தேதி ஸ்கூல் திறக்கிற நேரத்தில் ஒரு மாசம் லீவு கேட்டிருக்கிறாய் என்று உன் பெரியப்பா பையன் சொல்லித்தான் எனக்குத் தெரிகிறது. உடம்புக்கு ஒன்றும் இல்லையே? நேரத்துக்குச் சாப்பிடு.

இங்கே டீக்கடையில் உங்க ஊர் மேயர் பேச்சுதான். 21 மாநகராட்சியில் 11 பெண்களுக்கு என்று ஆணை வந்து, கோயமுத்தூரும் அதில் மாட்டியதும், அதுவரை 'நான்தான் அடுத்த மேயர்' என்று திரிந்த ஆளெல்லாம் வீட்டுக்கு ஓடி சம்சாரத்தின் வாக்காளர் அட்டையைத் தேடுகிறார்களாம். 1996 கோபாலகிருஷ்ணனிலிருந்து கணபதி ராஜ்குமார் வரை ஐந்து மேயரும் ஆம்பிளைகள். இந்தத் தடவைதான் முதல் பொம்பிளை. அதுவும் 2011 போல நேராக மேயருக்கு ஓட்டுப் போடுவதில்லை. 100 வார்டு கவுன்சிலர்களும் சேர்ந்து மார்ச் 4ஆம் தேதி தேர்ந்தெடுப்பார்கள். இன்னார் வீட்டம்மா, இன்னார் மகள் என்று கடையில் பட்டியலே போட்டுவிட்டார்கள், ஆனால் முதலில் வார்டில் ஜெயிக்க வேண்டுமே. சுயேச்சையாக நிற்கிறவர்களுக்கு எவ்வளவு ஓட்டு விழுந்தாலும் அந்த நாற்காலி கிடைக்காது, அது கட்சிக்காரர்கள் தங்களுக்குள் முடித்துக்கொள்கிற சமாச்சாரம். பொதுவாகச் சொல்கிறேன்.

மாப்பிள்ளை சௌக்கியமா?

சாக்கடைக்குத் தோண்டிய ரோட்டை மூடச் சொல்லி நீ மனு மேல் மனு எழுதியதும், வெள்ளலூர் குப்பைமேட்டு ஆட்களோடு போய் நின்றதும் எனக்குத் தெரியும். கடையில் நான்தான் முதலில் சொன்னேன், என் மகள் என்று. ஆனால் 2016இல் தேர்தல் நின்றதிலிருந்து கவுன்சிலரே இல்லாத ஊரில் அஞ்சு வருசத்துக் குப்பையும் உன் தலையிலா வந்து விழவேண்டும்? ராத்திரியில் தனியாக வண்டியில் போகாதே. எந்தத் தாளாக இருந்தாலும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடு. மாப்பிள்ளை என்ன சொல்கிறார்? அவருக்குத் தெரியுமா?

திரும்பத் திரும்ப மாப்பிள்ளையைக் கேட்கிறேனே, ஏன் என்று எனக்கே இப்போது எழுதும்போதுதான் தெரிகிறது. 96இல் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு என்று முதல் தடவையாக வந்தபோது நம்ம வார்டும் பெண்கள் வார்டானது. அம்மாவை நிற்கச் சொல்லி நாலு பேர் வீட்டுக்கு வந்தார்கள். அம்மாவுக்கு இஷ்டமில்லை என்றுதான் உனக்கும் உன் அண்ணனுக்கும் சொல்லி வளர்த்தேன். அது பொய். அவளைக் கூப்பிட்டுக் கேட்கவே இல்லை. 'அவளுக்கு உடம்பு முடியலைங்க' என்று திண்ணையிலேயே பேசி அனுப்பிவிட்டேன், அவள் உள்ளே மாவு ஆட்டிக்கொண்டிருந்தாள், கிரைண்டரை நிறுத்தினது எனக்குக் கேட்டது. யார் யார் கூடவெல்லாம் மேடையில் உட்காருவாளோ என்று இருந்தது எனக்கு, வேறொன்றுமில்லை. அந்த வார்டில் நின்று ஜெயித்த பொம்பிளைக்குப் பதிலாக அவர் வீட்டுக்காரர்தான் அஞ்சு வருசமும் நகராட்சிக்குப் போய்வந்தார். அதைப் பார்க்கும்போதெல்லாம், நானும் அப்படித்தானே செய்திருப்பேன், வேண்டாம் என்றது நல்லதுதான் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். அம்மா இன்றுவரை அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசினதில்லை.

வேட்புமனுவுக்கு 4ஆம் தேதி, வெள்ளிக்கிழமை, கடைசி. டெபாசிட் நாலாயிரம். முன்மொழிகிறவருக்கு உன் வார்டிலேயே ஓட்டு இருக்கவேண்டுமாம், எனக்கு ஓட்டு இங்கே, அதனால் நான் வந்தாலும் கையெழுத்துக்கு ஆகமாட்டேன். மாப்பிள்ளை போடுவாரா என்று கேட்டுக்கொள்.

இதை எழுதுவதை அம்மாவிடம் சொல்லவில்லை. உன் லீவு விஷயத்தைக்கூடச் சொல்லவில்லை. ஆனால் இப்போது தண்ணீர்ச் சொம்போடு வந்து நின்று, 'என்ன சின்னம் கேக்கறாளாம்?' என்கிறாள்.

அப்பா