நாடி பிடிக்காமல் வைத்தியமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

2020 மார்ச் 20ஆம் திகதி ஊரடங்கு போடப்பட்ட பின்னர், கிளினிக் மருந்துகள் தபாலில் வீடு தேடி வந்ததைக் கொழும்பு மக்கள் மனமார ஏற்றுக்கொண்டார்கள். வைத்தியரிடம் தொலைபேசியில் பேசச் சொன்னபோதுதான் “தொட்டுப் பார்க்காமல் என்ன வைத்தியம்?” என்று தயங்கினார்கள். இதை அறியாமை என்று தள்ளிவிட முடியாது. பாதி நியாயம் இருக்கிறது.

கொரோனாவும் டெங்குவும் தொடக்கத்தில் வெறும் காய்ச்சல், உடம்பு உளைவுதான். டெங்குவில் ஆபத்து வருவது பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும் நேரத்தில். “காய்ச்சல் விட்டுவிட்டது” என்று அடுத்த அழைப்பை வேண்டாமென்று விடுவதும் அப்போதுதான். வயிற்றை அழுத்தினால் நோகிறதா, கைகால் குளிர்ந்திருக்கிறதா, இரத்த அழுத்தத்தின் மேல், கீழ் எண்களுக்கு இடையிலான வித்தியாசம் 20 அல்லது அதற்குக் கீழே சுருங்கிவிட்டதா என்பதைத் தொலைபேசி சொல்லாது. ஆகவே காய்ச்சல் தொடங்கிய மூன்றாம் நாளில் இரத்தப் பரிசோதனைக்கு நேரில் போகத்தான் வேண்டும். அதுவரை பரசிட்டமோல் மட்டும்; ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனக் கூடாது.

மற்றப் பாதிக்குக் காரணம், வெறுங்கையோடு அழைப்பை எடுப்பது. “பிரஷருக்கு வெள்ளைக் குளிசை ஒன்று” என்றால் எந்த வைத்தியருக்கும் விளங்காது. அரசாங்க வைத்தியசாலையில் குளிசையைச் சின்னக் கடதாசி உறையில் போட்டுக் கொடுப்பதால் மட்டையில் பெயர் பார்க்கவும் வழியில்லை. கிளினிக் கொப்பியைத் திறந்து வைத்து லொசாட்டன் 50 மில்லிகிராமா 25ஆ, நாளுக்கு எத்தனை தடவை என்று வாசித்துச் சொல்லுங்கள். பிள்ளைக்கு வருத்தம் என்றால் அதன் நிறை கட்டாயம். பரசிட்டமோல் அளவே ஒரு தடவைக்கு, ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்ற கணக்கில்தான்.

இரத்த அழுத்தம் பார்க்குமுன் அரை மணி நேரம் தேநீர், சிகரெட் வேண்டாம். ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, கையை நெஞ்சு மட்டத்தில் வைத்து, பேசாமல், ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை அளந்து இரண்டையும் எழுதுங்கள். (குறைந்ததை மட்டும் சொல்லும் பழக்கம் பலரிடம் உண்டு.) விரலில் மாட்டும் ஒட்சிசன் கருவிக்கு நகப்பூச்சும் மருதாணியும் பகை, குளிர்ந்த விரலைத் தேய்த்துச் சூடாக்கி, எண் அசையாமல் நிற்கும்வரை பொறுக்க வேண்டும். கொரோனா நோயாளிக்கு 94க்குக் கீழே போனால், மூச்சு வாங்காவிட்டாலும், பேசிக்கொண்டிருக்காமல் 1990 அம்புலன்ஸை அழையுங்கள். கருமையான தோலில் கருவி உள்ளதைவிடச் சற்றுக் கூட்டியே காட்டக்கூடும் என்பதால் 94ஐயும் முழுதாக நம்ப வேண்டாம். தோல் தடிப்பைப் பகல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல் படமெடுங்கள்.

மொழி பெரிய தடை. நெஞ்சு நோவையும் நெஞ்செரிவையும் அரைகுறைச் சிங்களத்தில் பிரித்துச் சொல்வது மூத்தவர்களுக்கு முடியாத காரியம். பதிவு செய்யும்போதே தமிழ் தெரிந்த வைத்தியரைக் கேளுங்கள். சேவை நடத்துவோரும் அதை முதல் கேள்வியாக வைக்கலாமே.

கடைசியாக மருந்துச் சீட்டு. நோயாளியின் பெயர், வயது, திகதி, வைத்தியரின் பதிவிலக்கம், கையொப்பம் ஐந்தும் தெளிவாகத் தெரிய வேண்டும். மங்கலான வாட்ஸ்அப் படத்தைப் பாமசியில் திருப்பிவிட்டால் சண்டை பிடிக்காதீர்கள். வைத்தியரிடமே திரும்பக் கேட்டு வாங்குங்கள்.

இப்படிக்கு,
மருந்தாளர்கள் சிலர்,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13.